கார் கொட்டகைக்குக் கருவிகள்: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு புதன்கிழமை

கார்த்திக் (காலை 6:52): அனைவருக்கும் வணக்கம். வண்டலூர் வீட்டின் கார் கொட்டகைக்கு நேற்று ஷட்டர் மாட்டி முடித்துவிட்டார்கள். காரை நிறுத்திய பிறகும் பின்சுவரை ஒட்டி ஐந்தடி இடம் மிஞ்சுகிறது. அங்கே ஒரு வேலை மேசை போட்டு, சின்னச் சின்ன வேலைகளை நானே செய்துகொள்ளலாம் என்றிருக்கிறேன். கருவிகளுக்கென்று 20,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். இணையத்தில் 108 உருப்படிகள் கொண்ட பெட்டியும் பேட்டரி டிரில் ஒன்றும் சேர்த்துத் தள்ளுபடியில் தருகிறார்கள். சலுகை இன்று நள்ளிரவோடு முடிகிறதாம். வாங்கிவிடலாமா, மாமா?

மாமா, பெரம்பூர் (காலை 7:10): பொறு, மாப்பிள்ளை. அந்தப் பெட்டியின் படத்தைப் பெரிதாக்கி, உருப்படிகளை நீயே ஒரு முறை எண்ணிப் பார். பாதிக்கு மேல் திருப்புளியின் முனையில் செருகும் சிறு பிட்டுகளாக இருக்கும். மீதியில் பெரும்பகுதி கால் அங்குல ராட்செட்டில் (நட்டைத் திருகும் கைப்பிடி) மாட்டி நட்டைப் பிடிக்கிற குட்டி சாக்கெட்டுகளாக இருக்கும். கார் சக்கரத்தின் நட்டைக் கழற்ற அதில் ஒன்றும் உதவாது. எண்ணிக்கையைக் காட்டி விற்கும் பெட்டியில் நாம் தினமும் எடுக்கப்போகிற பத்துப் பன்னிரண்டு உருப்படிகள்தான் தரம் குறைந்து இருக்கும். முதலில் நீ என்னென்ன வேலை செய்யப்போகிறாய் என்று எழுது. கருவியைப் பிறகு பார்ப்போம்.

கார்த்திக் (காலை 7:24): காருக்குச் சக்கரம் மாற்றுவது, என்ஜின் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுவது, அப்பாவின் பழைய பைக்குக்குச் செயின் இறுக்குவது. வீட்டில் அலமாரி மாட்டச் சுவரில் துளை போட வேண்டும். வேலை மேசையை நானே செய்ய ஆசை. வெளிக்கதவின் கீலில் துரு ஏறியிருக்கிறது, அதையும் சீராக்க வேண்டும்.

மாமா, பெரம்பூர் (காலை 7:51): நல்ல பட்டியல். அப்படியென்றால் முதல் செலவு ஸ்பானரும் அல்ல, டிரில்லும் அல்ல. காரைத் தாங்கிப் பிடிக்கிற பொருளுக்குத்தான் முதல் செலவு. இரண்டு டன் டிராலி ஜாக்கி ஒன்றும், ஒரு ஜோடி ஸ்டாண்டும் வாங்கு. ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. எண்ணெய் அழுத்தத்தில் நிற்கிற அதன் உள்ளே ஒரு ரப்பர் சீல் கசிந்தால் வண்டி மெல்ல இறங்கும், சில சமயம் மெல்லவும் இறங்காது. ஸ்டாண்டின் மேல் வண்டியை இறக்கி, கையால் அசைத்துப் பார்த்த பிறகே உடம்பின் எந்தப் பகுதியும் அடியில் போகலாம். உன் கொட்டகையின் தரை என்ன?

கார்த்திக் (காலை 7:55): சிமெண்ட் பேவர் கல், மாமா.

மாமா, பெரம்பூர் (காலை 8:03): அப்படியானால் ஸ்டாண்டின் கால்கள் இரண்டு கல்லுக்கு இடையிலான சந்தில் அமர்ந்து சாயும். அடியில் 18 மி.மீ. பிளைவுட் துண்டுகளை ஒரு அடிக்கு ஒரு அடியாக வெட்டிப் போடு. தரையில் நிற்கிற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வை.

அம்மா (காலை 8:05): அண்ணா, அவன் காருக்கு அடியில் படுக்கத்தான் வேண்டுமா? சர்வீஸ் நிலையம் எதற்கு இருக்கிறது?

மாமா, பெரம்பூர் (காலை 8:09): கமலா, அவன் எப்படியும் படுக்கத்தான் போகிறான். ஸ்டாண்டு போட்டுப் படுக்கட்டும் என்கிறேன்.

நித்யா (காலை 8:40): அண்ணா, ஒரகடத்துக்குப் பேருந்தில் போய்க்கொண்டே படித்தேன். ஜாக்கி விஷயத்தில் மாமா சொல்வதுதான் சரி. எங்கள் பராமரிப்புப் பிரிவிலும் தூக்கிய பாரத்துக்குத் தாங்கு வைக்காமல் யாரும் கை நீட்டக் கூடாது. டிரில்லைப் பற்றி மதிய இடைவேளையில் எழுதுகிறேன், அதில் மாமாவோடு எனக்குச் சண்டை இருக்கிறது.

மாமா, பெரம்பூர் (காலை 9:15): சண்டைக்கு நான் தயார். அதற்குள் ஸ்பானரை முடித்துவிடுகிறேன். ஜப்பானிய வழிவந்த கார்களிலும் பைக்குகளிலும் 10, 12, 14, 17, 19 ஆகிய அளவுகள்தான் பெரும்பாலும் கையில் வரும். ஐரோப்பிய வண்டி என்றால் 13, 16, 18 தேவைப்படும். உன்னுடையது மாருதி என்பதால் சக்கர நட்டுக்கு 19 மி.மீ. போதும். இரண்டு பக்கமும் வாயுள்ள ஸ்பானர் எட்டு உருப்படிச் செட் ஒன்று, வளைய ஸ்பானர் செட் ஒன்று, அரை அங்குல ராட்செட்டும் இந்த அளவுகளுக்கான சாக்கெட்டுகளும் வாங்கு. சாக்கெட்டை அறுமுனையாகக் கேட்டு வாங்கு. பன்னிரு முனையுள்ளது நட்டின் மூலையை மட்டும் பிடிப்பதால், துருப்பிடித்த நட்டைத் திருகும்போது மூலைகளை மழுக்கிவிடும், பிறகு அதைக் கழற்ற உளியும் சுத்தியலும்தான் கதி. வாய் ஸ்பானரும் அப்படித்தான். இறுகிய நட்டின் பிடியை முதலில் வளைய ஸ்பானரால் தளர்த்திவிட்டு, அதன்பிறகே வாய் ஸ்பானரால் ஓட்ட வேண்டும். நாசிக்கில் தயாராகிற டபாரியா போதும், நம் ஊர்ப் பட்டறைகளில் பாதிக்கு மேல் அதுதான். ஜெர்மானியக் கருவிக்கு ஆசைப்பட்டு இப்போதே கையைச் சுட்டுக்கொள்ளாதே.

கார்த்திக் (காலை 9:31): நட்டை எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்சும் வேண்டும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன்.

மாமா, பெரம்பூர் (காலை 9:38): வேண்டும், ஆனால் இரண்டாவது சுற்றில். சக்கர நட்டுக்கு எத்தனை நியூட்டன் மீட்டர் என்பது காரின் கையேட்டில் அச்சாகியிருக்கும். அதைப் பார்க்காமல் யார் சொல்லும் எண்ணையும் நம்பாதே, நான் சொன்னாலும். வாங்கிய பிறகு வேலை முடிந்ததும் அதைக் குறைந்த அளவுக்குத் தளர்த்தி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளேயிருக்கும் ஸ்பிரிங் களைத்து, அது காட்டும் அளவு பொய்யாகிவிடும். நட்டைக் கழற்றுவதற்கு அதைப் பயன்படுத்தவே கூடாது. அதுவரை என்னுடையதை இங்கே வந்து எடுத்துப் பயன்படுத்து. வண்டலூருக்கு அனுப்ப மாட்டேன்.

அம்மா (காலை 9:40): சொந்த மருமகனுக்கே இரவல் கிடையாதா?

மாமா, பெரம்பூர் (காலை 9:41): அளக்கிற கருவிக்குக் கிடையாது.

நித்யா (பகல் 12:47): இப்போது டிரில். அண்ணா, பேட்டரிக் கருவி வாங்கும்போது நீங்கள் வாங்குவது டிரில்லை அல்ல, பேட்டரிக் குடும்பத்தை. ஒரு நிறுவனத்தின் பேட்டரி இன்னொன்றில் பொருந்தாது. முதலில் எதை வாங்குகிறீர்களோ, அடுத்த பத்தாண்டுகளுக்கு கிரைண்டர், ஜிக்சா, காற்றடிக்கும் கருவி எல்லாவற்றையும் அந்த நிறுவனத்திலேயே வாங்க வேண்டியிருக்கும். அதனால் தள்ளுபடியில் வருகிற பெயர் தெரியாத நிறுவனம் வேண்டாம். பழுதுபார்க்கும் மையம் சென்னையில் இருக்கிற போஷ், மகிடா, டிவால்ட் போன்றவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றில் 18 வோல்ட் என்றும் இன்னொன்றில் 20 வோல்ட் என்றும் எழுதியிருப்பதைக் கண்டு ஏமாற வேண்டாம். இரண்டிலும் ஐந்து லித்தியம் செல்கள்தான் வரிசையில் இருக்கின்றன; செல் ஒன்றுக்குச் சராசரி 3.6 வோல்ட் என்று கணக்கிட்டால் 18, முழுதாகச் சார்ஜ் ஏறிய நிலையில் சுமார் 4 என்று கணக்கிட்டால் 20, அவ்வளவுதான். திருகாணி முடுக்கவும், மேசை செய்யவும், கம்பி இல்லாத வசதிக்கு ஈடே கிடையாது.

மாமா, பெரம்பூர் (பகல் 1:20): அந்தப் பேட்டரி மூன்று மாதம் தொடாமல் கிடந்து, சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் வெந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல், நித்யா. வீட்டுக்காரன் மாதத்துக்கு ஒரு முறை நாலு துளை போடுவான். அவனுக்கு மூவாயிரம் ரூபாய் சுற்றில் கிடைக்கிற 13 மி.மீ. கம்பி வைத்த இம்பாக்ட் டிரில் பத்து வருடம் கழித்துச் செருகினாலும் ஓடும். மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கிற கார்பன் பிரஷ் தேய்ந்தால் சிறு தொகையில் மாற்றிக்கொள்ளலாம்.

நித்யா (பகல் 1:33): கொட்டகையில் வைக்காமல் வீட்டுக்குள் பாதிச் சார்ஜில் வைத்தால் போதும், மாமா. ஆனால் மாதத்துக்கு நாலு துளை என்ற கணக்கை நான் மறுக்கவில்லை. அண்ணா, முதல் வருடத்துக்கு மாமா சொல்கிற கம்பி டிரில்லையே வாங்குங்கள். மேசையும் அலமாரியும் செய்து முடித்த பிறகும் ஆசை குறையாமல் இருந்தால் பேட்டரிக்குப் போகலாம்.

சித்தப்பா, கோவை (பகல் 2:05): ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இம்பாக்ட் டிரில்லில் பற்கள் உள்ள இரண்டு தட்டுகள் உரசித் துள்ளுவதால்தான் சுத்தியல் போன்ற அடி கிடைக்கிறது; செங்கல் சுவருக்கு அது போதும். கான்கிரீட் தூணிலோ பீமிலோ துளையிடப் போனால் டிரில் கத்தும், பிட்டு சிவக்கும், துளை விழாது. அதற்கு உள்ளே பிஸ்டன் காற்றை அழுத்தி அடிக்கிற ரோட்டரி ஹேமர் வேண்டும். அதை வாங்காதே, கார்த்தி. ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, வீட்டில் போட வேண்டிய கான்கிரீட் துளை அத்தனையையும் ஒரே நாளில் முடித்துவிடு. துளை போடும் முன் சுவிட்சுப் பெட்டிக்கு நேர் மேலும் கீழும் தவிர்த்துவிடு, வயர் பெரும்பாலும் அங்கேதான் ஓடும்.

கார்த்திக் (பகல் 2:30): கீல் வேலைக்கு ஆங்கிள் கிரைண்டர் வாங்க வேண்டும்தானே? மரம் அறுக்கவும் அதிலேயே பிளேடு போடலாம் என்று கடையில் ஒருவர் சொன்னார்.

மாமா, பெரம்பூர் (பகல் 2:34): சொன்னவர் கடைக்கு இனிமேல் போகாதே.

மாமா, பெரம்பூர் (பகல் 2:58): கோபத்தில் சுருக்கமாக எழுதிவிட்டேன், விளக்கமாகவே சொல்கிறேன். 4 அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 சுற்று சுற்றுகிறது. அதில் மரம் அறுக்கும் பல் பிளேடைப் போட்டால், பல் மரத்தில் சிக்கிய நொடியில் இயந்திரம் உன் பக்கம் எகிறும். அதை அடக்கும் பிடிமானமோ, பிளேடுக்கு ஏற்ற காவல் தகடோ அதில் கிடையாது. பட்டறைக்காரர்கள் சிலர் செய்கிறார்கள். அவர்கள் கைகளையும் நான் பார்த்திருக்கிறேன். மரத்துக்குக் கைவாளோ, வட்ட ரம்பமோ, ஜிக்சாவோதான். கிரைண்டர் இரும்புக்கு மட்டும். காவல் தகட்டை எந்தக் காரணத்துக்காகவும் கழற்றாதே, வெட்டும் டிஸ்க்கின் பக்கவாட்டில் வைத்துத் தேய்க்காதே, அதற்குத் தடித்த தேய்க்கும் டிஸ்க் தனியாக உண்டு. டிஸ்க்கின் நடுவில் இருக்கும் உலோக வளையத்தில் காலாவதி மாதமும் வருடமும் அடித்திருக்கும். தேதி கடந்ததும், மழைநீரில் நனைந்ததும் குப்பைக்கு. டிஸ்க் மேல் அதன் விளிம்பு தாங்கும் வேகம் வினாடிக்கு 80 மீட்டர் என்று போட்டிருக்க வேண்டும், 4 அங்குல டிஸ்க்குக்கு அது நிமிடத்துக்குச் சுமார் 15,000 சுற்றுக்குச் சமம், ஆகவே இயந்திரத்தின் வேகத்தைவிட அதிகம். இந்த எழுத்து எதுவும் இல்லாத மலிவு டிஸ்க்கைக் கட்டாகக் கொடுத்தாலும் வாங்காதே. சாதாரணக் கண்ணாடி போதாது, பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி போடு. தொளதொளப்பான கையுறை, துண்டு, முழுக்கைச் சட்டையின் பொத்தான் போடாத கை ஆகியவை சுழலும் எதன் அருகிலும் கூடாது.

அம்மா (பகல் 3:02): இதைப் படித்த பிறகு கிரைண்டரே வேண்டாம் என்று தோன்றுகிறது.

நித்யா (பகல் 3:10): பெரியம்மா, கீலைக் கழற்றிக் கம்பி பிரஷால் துருவைத் தேய்த்து, எண்ணெய் விட்டால் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். அண்ணா, கிரைண்டரை அடுத்த வருடப் பட்டியலுக்குத் தள்ளுங்கள். அதற்குப் பதிலாகக் கொட்டகையின் மின்சுற்றில் மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா, எர்த் சரியாக வருகிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் சோதிக்கச் சொல்லுங்கள். நீட்டிப்புக் கம்பியைச் சுருளிலிருந்து முழுதாக விரித்த பிறகே டிரில்லைச் செருகுங்கள். சுற்றியபடியே பாரம் கொடுத்தால் கம்பி சூடேறி உறை உருகும்.

சித்தப்பா, கோவை (மாலை 4:26): பழையதாக வாங்கக்கூடிய ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டோம்: மேசையில் பொருத்தி, வேலை செய்யும் பொருளை இறுக்கிப் பிடிக்கிற பெஞ்ச் வைஸ். பட்டறை மூடுகிறவர்களிடமும் பழைய இரும்புக் கடையிலும் 5 அங்குல வார்ப்பு வைஸ் கிடைக்கும். புது மலிவு வைஸைவிட அது பல மடங்கு மேல். வாங்கும்போது முழுதாக மூடி, இரண்டு தாடைக்கும் நடுவில் ஒரு தாளை வைத்து இழுத்துப் பார். எங்கேயும் தாள் நழுவக் கூடாது. வெல்டிங் போட்ட தடம் இருந்தால் விட்டுவிடு, வார்ப்பிரும்பை ஒட்டியது நிற்காது. கைப்பிடியைச் சுற்றும்போது கால் சுற்றுக்கு மேல் வெறுமனே ஓடினால் உள்திருகு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். மேற்பூச்சில் இருக்கும் துருவைப் பற்றிக் கவலைப்படாதே. அரம் மட்டும் பழையதாக வாங்காதே, பல் போன அரம் வெறும் கம்பி.

கார்த்திக் (மாலை 5:40): துரு என்றதும் நினைவுக்கு வருகிறது. சென்னையின் ஈரக்காற்றில் இவற்றையெல்லாம் எப்படிக் காப்பது?

மாமா, பெரம்பூர் (மாலை 6:12): வேலை முடிந்ததும் துணியில் தையல் எந்திர எண்ணெய் தொட்டுத் துடைத்து வை, கை வியர்வையின் உப்புதான் முதல் எதிரி. கருவிகளைத் தரையில் வைக்காதே. 2015 டிசம்பர் வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்ற வீடுகளில் கட்டிலுக்கு அடியில் இருந்த டிரில்லும் மோட்டாரும் சேற்றோடு போயின. சுவரில் நாலடிக்கு மேல் பலகை அடித்து ஆணியில் தொங்கவிட்டிருந்தவை பலவும் தப்பின. அப்புறம், ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைப்பாய் அல்லவா? கைப்பிடியில் வை. நுண்ணளவு பார்க்கிற வெர்னியர் காலிபரின் தாடையிலும் ரம்பப் பல்லிலும் ஈரச் சந்தனத்தை வைத்து இரண்டு நாள் விட்டால் அங்கேயே துரு பூக்கும்.

அம்மா (மாலை 6:15): கைப்பிடியில் மட்டும் வைக்கிறேன், அண்ணா. டிரில்லின் சுவிட்சில் வைக்க மாட்டேன்.

கார்த்திக் (இரவு 8:20): அப்படியானால் முதல் சுற்றுப் பட்டியல் இதுதானே: ஜாக்கி, ஸ்டாண்டு ஜோடி, இரண்டு ஸ்பானர் செட், ராட்செட்டும் அறுமுனை சாக்கெட்டுகளும், கம்பி டிரில், செங்கல் பிட்டு, கட்டிங் பிளேயர், திருப்புளி நான்கு, சுத்தியல், ரசமட்டம், மூலைமட்டம், கைவாள், பாதுகாப்புக் கண்ணாடி. 108 உருப்படிப் பெட்டியைக் கூடையிலிருந்து எடுத்துவிட்டேன்.

மாமா, பெரம்பூர் (இரவு 8:31): அளவு நாடாவை விட்டுவிட்டாய், 5 மீட்டர் ஒன்று சேர்த்துக்கொள். சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பிராட்வே பேருந்து நிறுத்தத்துக்கு வந்துவிடு. காரில் வராதே, அந்தத் தெருக்களில் நிறுத்த இடம் இருக்காது. ஜாக்கியை ஆட்டோவில் ஏற்றி என் வீட்டில் வைத்துவிட்டு, ஞாயிறன்று காரில் வந்து எடுத்துப் போ. ஒரே கடையில் எல்லாவற்றையும் முடிக்காமல் நாலு கடை ஏறி இறங்கி விலை கேட்போம். ஒவ்வொன்றுக்கும் பில் வாங்க வேண்டும், உத்தரவாதத்துக்கு அதைத்தான் கேட்பார்கள்.

கார்த்திக் (இரவு 8:33): சரி, மாமா. கையேட்டைப் பார்த்தேன், சக்கர நட்டுக்கு 85 என்று போட்டிருக்கிறது.

நித்யா (இரவு 8:50): 85 நியூட்டன் மீட்டரா என்று அலகையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள், அண்ணா. சனிக்கிழமை எனக்கும் விடுமுறைதான்; பாதுகாப்புக் கண்ணாடியின் தரத்தைப் பார்த்து எடுக்க நானும் வருகிறேன்.