‘தொடர் செயலிழப்பு’ சரியா? வெள்ளி காலைக்குள் ஒரு சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர், வெள்ளவத்தை:
வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் நம்முடைய பொறியியலாளர்களும் சேர்ந்து எழுதிய உட்கட்டமைப்பு அறிக்கையின் தமிழ்ச் சுருக்கம் வெள்ளி அச்சுக்குப் போகிறது. சிங்களப் பிரதி முடிந்துவிட்டது. ஒன்று பழுதாக, அதனால் அடுத்தடுத்துப் பலவும் பழுதாவதைச் சொல்லும் ‘கஸ்கேடிங் ஃபெயிலியர்’ வரும் இடத்தில் ‘தொடர் செயலிழப்பு’ போட்டிருக்கிறேன். சரிதானே?

பௌதிகவியல் ஆசிரியை, கொட்டாஞ்சேனை:
வேண்டாம். உயர்தர வகுப்பில் தொடர் என்றால் ஒரே வழியில் கோத்த மின்குமிழ்கள். ஒன்று போனால் எல்லாம் அணையும். இங்கே நடப்பது வேறு. சமாந்தரமாக ஓடும் மின்கம்பிகளில் ஒன்று இணைப்பிலிருந்து விலகினால் அதன் சுமை மற்றவற்றில் ஏறுகிறது, தாங்காமல் அடுத்தது விலகுகிறது. 2003 ஓகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் ஒகையோவில் மரங்களில் முட்டிய கம்பிகளில் தொடங்கி, ஏறக்குறைய ஐந்து கோடிப் பேருக்கு மின்சாரம் போனது இப்படித்தான். சுமை கைமாறுவது சொல்லில் தெரியவேண்டும்.

இளைப்பாறிய தமிழாசிரியர், பம்பலப்பிட்டி:
ரீச்சர் சொல்வது நியாயம். ஒன்றின் முடிவு அடுத்ததன் தொடக்கம் என்றால் அந்தாதிதானே! ‘அந்தாதி முறிவு’ என்று வையுங்கள். மின்சாரம் இல்லாமல் நீரிறைப்பு நின்று, தண்ணீர் இல்லாமல் மின்நிலையமும் நின்றால் அது மண்டலித்த அந்தாதி, கடைசி முடிவு முதல் தொடக்கத்துக்கே திரும்பி வருவது.

தெஹிவளையிலிருந்து:
அந்தம், ஆதி இரண்டும் வடசொல். ‘ஈறுமுதல் முறிவு’ என்றால் என்ன குறை?

மின்பொறியியலாளர், கொள்ளுப்பிட்டி:
ஈறு என்றதும் என் பேரனுக்குப் பல்தான் நினைவுக்கு வரும்.
சுமை ஏறுவது ஒரு வகை மட்டும்தான். பொஸ்டன், பார்-இலான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேர்ந்து 2010இல் நேச்சர் இதழில் எழுதியதைப் பாருங்கள். 2003இல் இத்தாலி இருண்டதுதான் அவர்களுடைய உதாரணம். மின்நிலையம் நின்றது, அதனால் இணையக் கணுக்கள் போயின, கணுக்கள் போனதால் இன்னும் சில மின்நிலையங்கள் நின்றன. ஒன்றையொன்று நம்பியிருந்ததே வினை.
நமக்கு 2025 பெப்ரவரி 9, இலங்கை முழுவதும் இருண்ட நாள். பாணந்துறை உபமின்நிலையத்தில் பழுதை உண்டாக்கியதாகச் சொன்ன குரங்கைச் சொல்லிச் சிரித்தோம். ஆனால் அன்று ஞாயிறு முற்பகல். தேவை குறைவு, சூரிய மின்சாரம் அதிகம், மின்கட்டமைப்பில் சடத்துவம், அதாவது திடீர் மாற்றத்தைத் தாங்கும் சுழல்பொறிகளின் உந்தம், போதாது. பழுது வந்ததும் மீடிறன் (மின்னோட்டம் நொடிக்கு எத்தனை தடவை அலைகிறது என்ற அளவு) குலைந்தது, நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையமும் விலகியது. இந்த மூன்றுக்கும் பொருந்த ‘அடுக்கு முறிவு’ போதும்.

ஆசிரியை:
அடுக்கு என்றால் ‘பாம்பு பாம்பு’ போல ஒன்றே திரும்பி வருவது. இங்கே விழுபவை வேறு வேறு.

தமிழாசிரியர்:
அப்படிப் பார்த்தால் வேர் ‘அடு’. நெருங்குதல், சமைத்தல், கொல்லுதல் மூன்றும் அதற்குள் உண்டு. அடுப்பும் அதிலிருந்துதான், போர்க்களமான அடுகளமும் அதிலிருந்துதான். நெருங்கி வந்து கொல்வதால் ‘அடுமுறிவு’ என்றே சொல்லலாமே?

தெஹிவளையிலிருந்து:
மாஸ்டர், சமையலை விடுங்கள். ‘அடுக்கு முறிவு’ தமிழ்தான், எனக்குச் சம்மதம்.

மொழிபெயர்ப்பாளர்:
வியாழன் இரவு பத்து மணி. ‘அடுக்கு முறிவு’ என்றே அனுப்பிவிட்டேன், முதல் தடவை வரும் இடத்தில் ஒரு வரி விளக்கத்தோடு. எல்லாருக்கும் நன்றி.

ஆசிரியை:
அச்சில் எது வந்தாலும் சரி, திங்கள் வகுப்பில் நான் ‘சுமையேறு முறிவு’ என்றுதான் எழுதப்போகிறேன். இத்தாலிக்கு வேறு சொல் தேடிக்கொள்ளுங்கள்.