முதல் துவக்கு, கையில் 300 டொலர்

லீவில் இலங்கைக்கு, மட்டக்களப்பு வெள்ளாவெளிக்கு வந்திருக்கிறேன். டெக்சாஸ் திரும்பியதும் ஒரு செமி ஓட்டோ துவக்கு (விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு ரவை சுட்டு, அடுத்ததைத் தானே ஏற்றுவது) வாங்க யோசனை, இலக்குப் பலகைக்குச் சுட மட்டும். ஊரில் யானைவெடி கொளுத்தியதோடு சரி, துவக்கு தொட்டதேயில்லை.

— தம்பி, ருகர் 10/22 பாருங்கள், சின்ன .22 ரவை போடும் செமி ஓட்டோ. 1964 இலிருந்து வருகிறது. பத்து ரவை பிடிக்கும் சுழல் மகசின் (ரவைக்கூடு), தோளில் உதைப்பும் மிகக் குறைவு. பெரிய ரவை போடும் ரகம் எடுத்தால் ரவைக்கே சம்பளம் போய்விடும்.

— பழையது என்றால் குழலுக்குள் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். நான் பார்க்கவில்லை. உள்ளே முழுக்கக் கரி, ரவை சிக்கிச் சிக்கி மறுகா ஒரு கிழமை துடைத்தேன்.

— சரி அண்ணன். அப்பா கேட்கிறார், பன்றிக்கு இங்கே ஒன்று கொண்டுவர ஏலாதா என்று!

— ஏலாது! இங்கே பயிர்க்காவலுக்கு லைசன்ஸ் கிடைப்பது ஷொட்கன்னுக்குத்தான். அதற்கும் மாவட்டக் கச்சேரிக்கு நடக்க வேண்டும்.