கடவுள் மேல் கோபம் கொண்டவர்கள்: நேரில் கண்டதைப் பகிருங்கள்

இரவுப்பணி

குழந்தைகள் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். இறப்பைச் சொல்வது மருத்துவரின் பொறுப்பு. சொன்ன பிறகு அங்கே நிற்பது எங்கள் பொறுப்பு. ஓர் இரவு மட்டும் என்னை விட்டு நீங்காததால் எழுதுகிறேன்.

ரத்தப் புற்றுநோயோடு நெடுநாள் போராடிய ஆறு வயதுச் சிறுமி விடிவதற்குச் சற்று முன் இறந்துவிட்டாள். அவளுடைய தந்தையை நான் பக்தி மிக்கவராகவே அறிந்திருந்தேன். மருந்து ஏற்றும் நேரமெல்லாம் அவர் உதடுகள் அசைந்துகொண்டே இருக்கும். இத்தகைய வேளைகளில் எல்லோரும் சொல்வதையே நானும் அவரிடம் சொன்னேன்: "நல்ல குழந்தைகளைக் கடவுள் சீக்கிரம் தம்மிடம் அழைத்துக்கொள்கிறார்." அவர் மகளின் காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். நிமிராமலே, "முன்பே சொல்லியிருந்தால் இவளுக்கு நல்லது எதையுமே கற்றுக்கொடுத்திருக்க மாட்டேனே, சிஸ்டர்" என்றார். பிறகு, கழற்றிய காலுறையை அவளுக்குத் திரும்ப மாட்டிவிட்டார்.

சற்று நேரத்தில் வெளியே அவர் கடவுளை வாய்க்கு வந்தபடி ஏசிய குரல் பிரிவு முழுவதும் கேட்டது. அந்த வெறுப்பு அவருக்குள் முன்பே இருந்ததா, அல்லது என் ஒரு வாக்கியம்தான் அதை அவருக்குள் கொண்டுவந்து வைத்ததா என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. அதுவரை அவரைப் பொறுத்தவரை மகளைக் கொன்றது நோய். நான்தான் அந்தக் கொலைக்கு ஒரு பெயர் கொடுத்தேன்.

இளையமகள்

இரவுப்பணி, கடவுளின் பெயரால் வலிக்கும் சொல்லை நீங்கள் ஒருமுறை சொன்னீர்கள். என் வீட்டில் அப்படி நாள்தோறும் சொன்னார்கள். என் தந்தை அடித்து முடித்தவுடன் என்னை அருகில் உட்காரவைத்து, கண்களை மூடச் சொல்லி, எனக்காக உருக்கமாக வேண்டிக்கொள்வார். அடித்த கையே என் தலைமேல் இருக்கும். அவர் நடிக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை தாங்க முடியாதது. அந்த வேண்டுதலில் அவர் உண்மையாகவே அழுதார்.

கடவுளைக் குறித்து நாம் மனத்தில் வைத்திருக்கும் உருவம் பெற்ற தந்தையின் உருவத்திலிருந்தே எழுகிறது என்று உளப்பகுப்பாய்வை நிறுவிய ஃபிராய்டு எழுதியதைக் கல்லூரியில் படித்தபோது வகுப்பில் பலர் அதை மறுத்துப் பேசினார்கள். எனக்கு மறுக்கத் தோன்றவில்லை. எல்லோருக்கும் அது பொருந்துமா என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை, ஆனால் என் வரையில் அது வரிக்கு வரி உண்மை. ஒரு திருமணத்தில் பெரியவர் ஒருவர் "தந்தையே" என்று வேண்டுதலைத் தொடங்கியபோது என் கை தானாக எழுந்து என் காதை மறைத்துக்கொண்டது. அப்போது எனக்கு வயது முப்பத்து நான்கு. பக்கத்தில் இருந்த என் மகள் அதைப் பார்த்துவிட்டாள்.

மூன்றாமவர்

இருவருடைய துயரத்தையும் மதிக்கிறேன். ஆயினும் ஒன்றை மறுத்தே ஆக வேண்டும்: கடவுளை மறுக்கிறவர் எல்லோரும் எங்கோ அடிபட்டவர்களாகவே இருக்க வேண்டும் என்ற எண்ணம் மேலே உள்ள இரண்டு பகிர்வுகளிலும் சொல்லாமலே நிற்கிறது. எனக்கு எந்தக் குழந்தையும் இறக்கவில்லை. என் தந்தை மென்மையானவர்.

பதினாறு வயதில் போர்ச்சுகலின் லிஸ்பன் நகரைத் தாக்கிய நிலநடுக்கத்தைப் பற்றிப் படித்தேன். 1755 நவம்பர் 1, புனிதர் அனைவரின் திருநாள். மக்கள் தேவாலயங்களில் கூடியிருந்த காலை வேளையில் நிலம் அதிர்ந்தது, கடல் பொங்கியது, ஏற்றிவைத்த மெழுகுவத்திகளும் அடுப்புகளும் தீயாகப் பரவின. நல்லவரான கடவுள் இதை எப்படி அனுமதித்தார் என்று பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேர் கேட்ட கேள்வியை அன்று நானும் கேட்டுக்கொண்டேன். அதற்கும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரேக்கத் தத்துவ அறிஞர் எபிகூரஸின் பெயரால் வழங்கும் வாதத்தையும் பின்னர் படித்தேன்: தீமையைத் தடுக்க விரும்பியும் முடியாதவர் என்றால் அவருக்கு வல்லமை இல்லை, முடிந்தும் விரும்பாதவர் என்றால் அவருக்கு நன்மை இல்லை. இதற்கு எனக்குக் கிடைத்த பதில்கள் எதுவும் போதவில்லை. நான் வந்தடைந்த முடிவுக்கு அடிப்படை இவ்வளவே.

என்னை உறுத்தும் நிகழ்ச்சி வேறு. நான் கடவுளை நம்பவில்லை என்பது தெரியவந்த நாளில் என் அத்தை என் இரு கைகளையும் பற்றிக்கொண்டு, "கண்ணா, உனக்கு யார் என்ன செய்தார்கள்? என்னிடமாவது சொல்" என்று கண்கலங்கினார். யாரும் எதுவும் செய்யவில்லை என்று சொன்னேன், நம்பவில்லை. சாகும்வரை என்னை ஏதோ ஒரு மறைவான காயத்தோடு வாழ்கிறவனாகவே பார்த்தார். என் மேல் இருந்த அன்பினால்தான் அப்படிப் பார்த்தார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் நான் யோசித்துச் சொன்ன எதையும் யோசனையாக ஏற்க அந்த அன்பில் இடம் இல்லாமல் போய்விட்டது. இல்லாதவர் என்று நான் கருதும் ஒருவர் மேல் எனக்கு எப்படிக் கோபம் வரும்? மறுப்பு வேறு, பகை வேறு. இங்கே இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறோம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்

தம்பி சொன்ன வேறுபாடு சரியானது. இரவுப்பணி கண்ட அந்தத் தந்தை மறுத்தவர் அல்லர், சண்டையிட்டவர். எதிரில் ஆள் இருக்கிறார் என்று நம்புகிறவர்தானே ஏச முடியும்? என் மனைவி இறந்தபின் மூன்று ஆண்டுகள் நானும் அப்படித்தான் இருந்தேன். ஒவ்வோர் இரவும் விளக்கை அணைத்தபின் கடவுளிடம், "இன்னும் இருக்கிறாயா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

தமிழில் இந்தக் கோபத்தை யாரும் மறைத்து வைத்ததில்லை என்பதைச் சொல்ல விரும்புகிறேன். ஒரு வீட்டில் சாப்பறையும் மற்றொரு வீட்டில் மணமுழவும் ஒலிக்கக் கேட்ட பக்குடுக்கை நன்கணியார், இப்படி ஓர் உலகைப் படைத்தவனைப் புறநானூற்றின் 194ஆம் பாட்டில் "பண்பிலாளன்" என்றே சொல்லிவிட்டார். வள்ளுவர் 1062ஆம் குறளில், பிச்சையெடுத்துத்தான் ஒருவன் உயிர்வாழ வேண்டும் என்றால் "பரந்து கெடுக உலகியற்றி யான்" என்று சபித்தார். கண்பார்வை இழந்த சுந்தரர் தம் இறைவனை நோக்கியே "வாழ்ந்து போதீரே" என்று பாடினார். "நீர் மட்டும் நன்றாக இருந்துகொள்ளும்" என்பதைவிடக் கசப்பான வசை உண்டா? அதைத் தேவாரத்திலிருந்து யாரும் நீக்கவில்லை. ஆகவே, திட்டுகிறவரைப் பார்த்து நாம் பதற வேண்டியதில்லை.

இரவுப்பணி, நீங்கள் அந்தத் தந்தையைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேளுங்கள். உங்கள் மனமும் இளகும், அவருக்கும் ஒரு கதவு திறக்கும். இளையமகள், தாங்களும் தங்கள் தந்தையை மன்னிக்க முயலுங்கள். மன்னிப்பது அவருக்காக இல்லை, தங்களுக்காக. அவரை மன்னித்துவிட்டால் கடவுளின் முகத்தின்மேல் படிந்திருக்கும் அவருடைய முகம் மெல்ல விலகும். தம்பி மூன்றாமவர், தங்கள் வாதங்களை ஓராண்டு ஒதுக்கிவைத்துவிட்டு, நாள்தோறும் பத்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து பாருங்கள். முடிவை அதன்பின் சொல்லுங்கள்.

இளையமகள்

ஐயா, தங்கள் வயதுக்கு மதிப்புக் கொடுத்தே சொல்கிறேன். அடித்த பிறகு ஒவ்வொரு முறையும் அவர் என்னிடம் கேட்டதும் அந்த மன்னிப்பைத்தான். ஒன்பது வயதிலிருந்து கொடுத்துக்கொண்டே இருந்தேன். இப்போது கொடுக்க மாட்டேன் என்று சொல்ல முடிவதுதான் எனக்குக் கிடைத்திருக்கும் ஒரே நிம்மதி. கடவுள் இருந்தால் அதை அவர் புரிந்துகொள்ளட்டும்.

மூன்றாமவர்

பத்து நிமிட அமைதியை நான் இருபது ஆண்டுகளாகக் கடைப்பிடித்து வருகிறேன், ஐயா. அதனால் என் முடிவு மாறவில்லை. சுந்தரரைப் பற்றித் தாங்கள் எழுதியதை மட்டும் இரண்டு முறை படித்தேன். என் அத்தை இருந்திருந்தால் படித்துக் காட்டியிருப்பேன்.

இரவுப்பணி

ஐயா, அவருடைய முகவரி மருத்துவமனைப் பதிவேட்டில் இருக்கிறது. என் மனம் இளகுவதற்காக அதை எடுத்துக்கொள்ளும் உரிமை எனக்கு இல்லை. அந்த வாசலில் நான் போய் நின்றால் அவர் முதலில் காண்பது அந்த இரவைத்தான்.

கடவுள் மேல் கோபம் கொள்வதைப் பற்றி ஜூலி எக்ஸ்லைன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2011இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றி எங்கள் பயிற்சி வகுப்பு ஒன்றில் கேட்டேன். அன்பானவரைப் பறிகொடுத்தவர்களும் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களும் அதில் பங்கேற்றிருந்தார்கள். நடந்த தீமைக்குக் கடவுளையே பொறுப்பாக்கி, அவர் வேண்டுமென்றே கொடுமை செய்தார் என்று எண்ணும்போது அந்தக் கோபம் கூடுகிறது என்று அதில் கண்டிருக்கிறார்கள். "அழைத்துக்கொள்கிறார்" என்ற சொல்லில் நான் சொன்னதும் அதைத்தானே? வகுப்பு முடிந்தும் நெடுநேரம் இருக்கையை விட்டு எழவில்லை.

இப்போது நான் எதுவும் சொல்வதில்லை. குழந்தையின் கையிலுள்ள ஊசிகளையும் குழாய்களையும் எடுத்துவிட்டு, தூக்கிக்கொள்ள விரும்புகிறீர்களா என்று மட்டும் கேட்கிறேன். காலுறையைப் பெற்றவர்களே கழற்றட்டும் என்று விட்டுவிடுகிறேன்.