கூட்டம் கூடினால் உதவி குறையுமா?

கேள்வி:
1964இல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற இளம்பெண் குத்திக் கொல்லப்பட்டபோது 38 பேர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள் என்று உளவியல் பாடத்தில் படித்தேன். நகரத்தாருக்கு நெஞ்சில் ஈரமில்லை என்பதுதான் இதன் பொருளா?

பதில் 1:
அந்த விளக்கத்தில் ஜான் டார்லி, பிப் லாட்டனே என்ற உளவியலாளர்கள் இருவரும் நிறைவடையவில்லை. 1968இல் வெளியான அவர்களது சோதனையில், தனித்தனி அறைகளில் இருந்த மாணவர்கள் ஒலிக்கருவி வழியாக உரையாடிக்கொண்டிருக்கையில், ஒருவர் வலிப்பு வந்து நாக்குழறித் தவிப்பதுபோல முன்பே பதிவு செய்யப்பட்ட குரல் ஒலிக்கவிடப்பட்டது. தாம் மட்டுமே கேட்பதாக நம்பியவர்களில் 85 விழுக்காட்டினர் அக்குரல் அடங்கும் முன்பே உதவி தேடி எழுந்தனர். வேறு நால்வரும் கேட்பதாக நம்பியவர்களில் 31 விழுக்காட்டினரே எழுந்தனர். எழாதவர்கள் கல்நெஞ்சர் அல்லர். சோதனையாளர் உள்ளே வந்தபோது அவர்களில் பலருக்குக் கை நடுங்கியது, உள்ளங்கை வியர்த்திருந்தது. பொறுப்பு பலர்மீது பரவும்போது ஒவ்வொருவர் பங்கும் மெலிந்துவிடுகிறது.

பதில் 2:
ஆய்வு நிற்கிறது, ஆனால் அதைத் தூண்டிய செய்தி அப்படியே நிற்கவில்லை. சாட்சிகளின் எண்ணிக்கையை மிகைப்படுத்திவிட்டதாக, அச்செய்தியை வெளியிட்ட நியூயார்க் டைம்ஸ் நாளிதழே 2016இல் ஒப்புக்கொண்டது. ஒருவர் சன்னலிலிருந்து கொலையாளியை அதட்டினார். அண்டை வீட்டுப் பெண் ஒருவர் ஓடிவந்து கிட்டியைக் கைகளில் தாங்கியிருந்தார். பாடநூல்கள் இதை விட்டுவிடுவது சரியல்ல.

பதில் 3:
ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப் டவுன் ஆகிய நகரங்களின் தெருக் கேமராப் பதிவுகளில் 219 சச்சரவுகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வையும் பாருங்கள். பத்தில் ஒன்பது நிகழ்வுகளில் யாரேனும் ஒருவராவது தலையிட்டிருக்கிறார். இது பதில் 1இல் சொன்ன சோதனைக்கு முரண் என்று கொள்ள வேண்டாம்: தனியொருவர் முன்வரும் வாய்ப்பு வேறு, கூட்டத்தில் எவரோ ஒருவர் முன்வரும் வாய்ப்பு வேறு.