பைபர் போட்டுக்கு உள்ளேயே ஆழம் பார்க்கும் சென்சரை ஒட்டலாமா? (மவுஸ்ஸாக்கலை)

மஸ்கெலியா_பையன்:
எல்லாருக்கும் வணக்கம். மாமாவும் நானும் நீர்கொழும்புப் பக்கமிருந்து ஒரு பழைய 18 அடி பைபர் போட் வாங்கி மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தில் இறக்கியிருக்கிறோம், திலாப்பியாவுக்கும் கார்ப்புக்கும் வலை போடத்தான். எஞ்சின் 15 குதிரைவலு. தை, மாசி, பங்குனியில் தண்ணீர் இறங்கும்போது எங்கே எவ்வளவு ஆழம் என்று பிடிபடுவதே இல்லை, 1969இல் தண்ணீருக்குள் போன பழைய மஸ்கெலியா டவுன் பக்கம் போனால் கோயில் சுவரும் மரக்கட்டையும் எங்கே இருக்கிறது என்று நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கும். அதனால் ஒரு பிஷ் ஃபைண்டர் (ஒலியை அனுப்பி ஆழத்தைத் திரையில் காட்டும் மெஷின்) வாங்கினோம், சென்சர் 83, 200 கிலோஹேர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசையில் ஒலி அனுப்பும் வகை. பின்பலகையில் ஓட்டை போட மாமா விடமாட்டேன் என்கிறார். உள்ளே அடித்தட்டில் ஒட்டினாலும் வேலை செய்யும் என்று ஒருத்தர் சொன்னார். உண்மையா? சிலிக்கன் போட்டு ஒட்டினால் போதுமா?

கொட்டகலை_பைபர்:
தம்பி, வேலை செய்யும், ஆனால் எல்லா போட்டிலும் இல்லை. நான் கரைப்பக்கம் போட் கட்டும் இடத்தில் இருந்தவன், அதனால் சொல்கிறேன். சென்சரிலிருந்து போகிற ஒலி பைபர் தட்டைத் தாண்டி தண்ணீருக்குள் போய், அடியில் பட்டு, திரும்பவும் அதே தட்டைத் தாண்டி உள்ளே வரவேண்டும். முழுக்க முழுக்க பைபரும் ரெசினுமாக இருந்தால் பாதகமில்லை, கொஞ்சம் பலம் குறையும், அவ்வளவுதான். இரண்டு பைபர் அடுக்குக்கு நடுவில் ஃபோமோ பல்சா மரமோ பலகையோ வைத்துக் கட்டியிருந்தால் ஆசையை விட்டுவிடுங்கள், அதற்குள் இருக்கிற காற்று ஒலியைத் தின்றுவிடும். 18 அடி போட்டில் அடித்தட்டு பெரும்பாலும் கெட்டியாகத்தான் இருக்கும், மிதக்கிறதுக்கான ஃபோமை சீட்டுக்கு அடியிலும் முன்பக்கமும் அடைத்திருப்பார்கள். ஆனால் உங்களுடையது பழைய போட், யார் எப்போது எதை ஒட்டுப்போட்டார்கள் என்று தெரியாது. தண்ணீர் வடிகிற ஓட்டையின் விளிம்பைப் பாருங்கள், தட்டு எத்தனை அடுக்கு என்று அதிலேயே தெரியும். அப்புறம் ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள், கெட்டியான இடத்தில் "டக்" என்று கேட்கும், பொள்ளலான இடத்தில் சத்தம் மந்தமாக மாறும்.

எதையும் ஒட்டுவதற்கு முன்னால் ஒரு சோதனை. போட் தண்ணீரில் நிற்கும்போது சென்சரை வெளியே தொங்கவிட்டு ஆழத்தைப் பாருங்கள். பிறகு ஒரு மெல்லிய ஷொப்பிங் பேக்கில் தண்ணீர் நிரப்பி சென்சரை அதற்குள் போட்டு, அடித்தட்டையும் நனைத்துவிட்டு பையை அதன்மேல் அழுத்தி வையுங்கள். இரண்டு தடவையும் கிட்டத்தட்ட ஒரே ஆழம் வந்தால் அந்த இடம் சரி. இல்லையென்றால் ஒரு அடி தள்ளி வைத்துப் பாருங்கள். ஆழமான இடத்திலும் பாருங்கள், ஆழம் குறைந்த இடத்தில் எந்த சென்சரும் நல்ல பிள்ளையாகத்தான் காட்டும்.

இடம் பின்பக்கமாக, நடுவில் ஏராவுக்கு (அடித்தட்டின் நடுவே நீளமாக ஓடுகிற முதுகெலும்பு) பக்கத்தில் இருக்கட்டும். ஏராவுக்கு மேலேயே வேண்டாம், அங்கே தட்டு தடிப்பு. போட் வேகமெடுத்து மூக்கைத் தூக்கும்போதும் கீழே தண்ணீர் ஒட்டியிருக்கிற இடமாகப் பாருங்கள்.

ஹட்டன்_வயரிங்:
சிலிக்கன் பற்றி யாரும் சொல்லவில்லையே. சிலிக்கன் ரப்பர் மாதிரி, ஒலியை உள்ளே வாங்கிக்கொள்ளும், காலப்போக்கில் ஓரம் விட்டுப்போகவும் செய்யும். அதில் ஒட்டி ஓட்டுகிற ஆட்களும் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மெதுவாக இறுகுகிற இரண்டு பாகம் கலக்கும் எபொக்சிப் பசைதான் சரி. ஐந்து நிமிட எபொக்சி வேண்டவே வேண்டாம், குமிழ் வெளியே வருவதற்குள் கல்லாகிவிடும். சென்சருக்கும் தட்டுக்கும் நடுவில் ஒரு குமிழ் இருந்தாலே திரை பைத்தியம் பிடித்த மாதிரி காட்டும்.

இன்னொன்று, இதைக் கடற்கரை ஆட்கள் சொல்லமாட்டார்கள். நம்ம ஊர்க் குளிரில் எபொக்சி தேன் மாதிரி கெட்டியாகிவிடும், குமிழ் அதற்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். இரண்டு போத்தலையும் மூடியோடு சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்து, துடைத்துவிட்டு, பிறகு கலக்குங்கள். கடகடவென்று கலக்காமல் மெதுவாக. மூடுபனி இறங்குகிற சாயங்காலத்தில் ஆரம்பிக்காதீர்கள், வெயில் ஏறின பிறகு கரையில் ஏற்றிவைத்துச் செய்யுங்கள், ராத்திரிக்கு மேலே படங்கு போட்டு உள்ளே ஒரு பல்பு எரியவிட்டால் நல்லது.

நோர்வூட்_காரன்:
நான் கொஞ்சம் எதிர்க்கட்சி. 15 குதிரை எஞ்சினில் மெதுவாகப் போகிற போட்டுக்கு இவ்வளவு பாடு எதற்கு? ஒரு பலகையைப் பின்பலகையில் கிளாம்ப் போட்டு மாட்டி, சென்சரை அதில் திருகிவிடுங்கள். போட்டில் ஓட்டையும் இல்லை, ஒலி இழப்பும் இல்லை, வலை போடும்போது தூக்கிவிடலாம். உள்ளே ஒட்டினால் கழற்ற முடியாது, வெப்பநிலையும் தண்ணீருடையது வராது, போட் தட்டினுடையதுதான் வரும்.

அப்புறம், கட்டைக்குப் பயந்து இதை வாங்கியிருந்தால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். அது நேராகக் கீழேதான் பார்க்கும். 200 கிலோஹேர்ட்ஸில் ஒலி விரிகிற கூம்பு கிட்டத்தட்ட 20 பாகை, 3 மீட்டர் ஆழத்தில் ஒரு மீட்டர் வட்டம்தான் அதன் பார்வை. முன்னால் நிற்கிற சுவர் திரையில் வரும்போது நீங்கள் அதன்மேல் ஏறியிருப்பீர்கள்.

கொட்டகலை_பைபர்:
நோர்வூட் அண்ணே சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் வலை போடுகிற போட்டில் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிற எதிலும் கயிறு சிக்கும். அதற்காகத்தான் நான் உள்ளே என்கிறேன்.

மஸ்கெலியா_பையன்:
நன்றி அண்ணேமாரே. பை சோதனை செய்தோம். வெளியே தொங்கவிட்டால் 11.2 மீட்டர், உள்ளே ஏராவுக்கு வலப்பக்கம் 11.1. இடப்பக்கம் ஒன்றுமே வரவில்லை, தட்டிப் பார்த்தால் சத்தமும் வேறு, யாரோ பழைய ஒட்டு போட்டிருக்கிறார்கள் போல. மாமாவுக்கு சந்தோஷம். ஆனால் வலப்பக்கம் தட்டு சரிவாக இருக்கிறது, அப்படியே ஒட்டினால் சென்சர் சாய்ந்துதானே பார்க்கும்?

கொட்டகலை_பைபர்:
சரிவு கொஞ்சமென்றால் பரவாயில்லை. அதிகமென்றால் அகலமான பிவிசி பைப் துண்டு ஒன்றைச் சரிவுக்கு ஏற்ற மாதிரி சாய்வாக அறுத்து அடியில் நீர் கசியாமல் ஒட்டி, சென்சரை நேராகக் கீழே பார்க்கிற மாதிரி அதற்குள் நிறுத்தி, மினரல் ஆயில் ஊற்றி மூடிவிடுங்கள். எண்ணெய்க்குள் ஒலி நன்றாகப் போகும், பிறகு கழற்றவும் முடியும், நோர்வூட் அண்ணே கேட்டதும் அதுதானே. ஒட்டுகிற இடத்தைச் சாண்ட் பேப்பரால் பெயின்ட் போய் பைபர் தெரியும்வரை தேய்த்து அசிட்டோனால் துடைக்க மறக்காதீர்கள்.

ஹட்டன்_வயரிங்:
வயரை மட்டும் வெட்டிவிடாதீர்கள், மிஞ்சினால் சுருட்டிக் கட்டுங்கள். எஞ்சின் வயரோடு சேர்த்து இழுத்தால் திரையில் கோடு கோடாக வரும், மற்றப் பக்கமாகக் கொண்டுபோங்கள். பேட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ். எஞ்சின் விசிறி (புரொப்பெல்லர்) சென்சரைவிட எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்து, அந்த அளவை மெஷினில் கழித்து வையுங்கள், மாமா பார்க்கவேண்டியது விசிறிக்குக் கீழே எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்பதைத்தான்.