பிரிட்டிஷ் விமானப்படை முழக்கம்: துன்பமா, செங்குத்தா?

குன்றத்தூரான்:
பிரிட்டிஷ் விமானப்படையின் லத்தீன் முழக்கமான ‘பெர் ஆர்டுவா அட் அஸ்ட்ரா’வுக்கு ‘துன்பங்களைத் தாண்டி விண்மீன்களுக்கு’ என்று நேற்று ஒருவர் இங்கே பொருள் எழுதியிருந்தார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. ஆர்டுவாவின் மூலச்சொல்லான ஆர்டுவஸ் என்றால் செங்குத்தானது, உயர்ந்தது. ஏறுகிறவனின் வாசகம் அது. அதில் துன்பத்தை நுழைக்காதீர்கள்.

நீலவானம்:
அந்த ‘ஒருவர்’ நான்தான். என் பெயரைச் சொல்ல அவ்வளவு கூச்சமா? அந்த விமானப்படையே ஆங்கிலத்தில் ‘இடர்களின் ஊடாக’ என்றுதான் பொருள் தருகிறது. அவர்களைவிட உங்களுக்குத் தெரியுமோ?

குன்றத்தூரான்:
லத்தீன் அவர்கள் வீட்டுச் சொத்து இல்லை. 1913இல் அந்தப் படைக்கு முன்னோடியான ராயல் ஃப்ளையிங் கோருக்கு மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் ஒப்புதல் கொடுத்த வாசகம் இது. 1918இல் விமானப்படை உருவானபோது அப்படியே வந்து சேர்ந்தது. பின்னால் வந்தவர்கள் செய்த மொழிபெயர்ப்பு லத்தீனை மாற்றிவிடாது. அகராதியைத் திறங்கள். முதல் பொருள் செங்குத்து.

தெருமுனை:
அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தின் முழக்கமும் இதுதானே?

குன்றத்தூரான்:
இல்லவே இல்லை. அது ‘அட் அஸ்ட்ரா பெர் அஸ்பெரா’. அஸ்பெரா என்றால் கரடுமுரடு. தென்னாப்பிரிக்க விமானப்படைக்கும் அஸ்பெராதான். இப்படிக் கலந்துகட்டி அடிப்பதால்தான் எல்லாம் ‘துன்பம்’ ஆகிவிடுகிறது.

தெருமுனை:
கேட்டது ஒரு கேள்வி. அதற்கு இவ்வளவு கோபமா?

நீலவானம்:
ரோமானியக் கவிஞர் ஹொரேஸ் எழுதிய வரி தெரியுமா? ‘மனிதருக்கு ஆர்டுவஸ் எதுவும் இல்லை.’ அங்கே கடினம் என்றுதான் எல்லோரும் படிக்கிறார்கள்.

குன்றத்தூரான்:
அடுத்த வரியை ஏன் விட்டீர்கள்? ‘வானத்தையே எட்டப் பார்க்கிறோம்.’ அதே கவிதையில் அதற்குச் சற்று முன்புதான் கிரேக்கப் புராணக் கைவினைஞன் டீடலஸ் இறக்கை கட்டிப் பறக்கிறான். முழுக்க உயரத்தைப் பற்றிய பேச்சு. போன மாதமும் இப்படித்தான்: ‘எப்போதும் விசுவாசமுள்ள’ என்று பொருள்படும் அமெரிக்க மரைன் படை முழக்கமான ‘செம்பர் ஃபிடேலிஸ்’ பன்மை என்று சாதித்தீர்கள். அது ஒருமை. பன்மை ஃபிடேலெஸ்.

நீலவானம்:
அதை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறீர்களா? சரி, நீங்கள் சொன்ன அதே வரியில் ‘மடமையால்’ என்றும் ஒரு சொல் இருக்கிறது. அதை வெட்டியது யார்? இங்கிலாந்தில் இரண்டாம் உலகப் போருக்கான ரன்னிமீட் நினைவகத்துச் சுவர்களில் கல்லறைகூட இல்லாத 20,000க்கும் மேற்பட்ட வான்படையினரின் பெயர்கள் இருக்கின்றன. அவர்களுக்கு இது வெறும் செங்குத்து இல்லை.

குன்றத்தூரான்:
இறந்தவர்களை ஏன் இழுக்கிறீர்கள்? 1913இல் ரன்னிமீட் நினைவகமும் இல்லை, அந்தப் போரும் இல்லை. சொல்லுக்குப் பொருள் கேட்டால் சொல்லைப் பற்றிப் பேசுங்கள்.

மாடிவீட்டுக்காரர்:
ஏற்றம் என்றாலே கஷ்டம்தானே? இருவரும் ஒன்றைத்தானே சொல்கிறீர்கள்?

நீலவானம்:
இல்லை ஐயா, அவர் சொல்வது வேறு.

குன்றத்தூரான்:
இந்த ஒன்றில் மட்டும் நீலவானத்தோடு உடன்படுகிறேன். ஒன்று இல்லை. ஆர்டுவஸ் என்றால் செங்குத்து.

நீலவானம்:
இடர்.