அலமாரிக் கதவுக்குக் கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் போடலாமா?

மரவேலைப்பிரியன்:
புத்தக அலமாரிக் கதவில் உள்ள கண்ணாடியை எடுத்துவிட்டு அக்ரிலிக் (கண்ணாடி போலத் தெளிவான பிளாஸ்டிக்) ஷீட் போட நினைக்கிறேன். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அதனால்தான். கதவு ஒரு மீட்டர் உயரம். நாலு மூலையிலும் திருகு வைத்து முடுக்கினால் போதுமா? நாளானால் மஞ்சளாகிவிடும் என்கிறார்களே?

பலகைக்கடை:
தாராளமாகப் போடலாம். எடை கண்ணாடியில் பாதிகூட வராது. 92 சதவீத வெளிச்சத்தை விடும். மஞ்சளாவது பெரும்பாலும் பாலிகார்பனேட் என்ற இன்னொரு பிளாஸ்டிக்கின் வியாதி. மியூனிக்கில் 1972 ஒலிம்பிக் அரங்கின் கூரையையே அக்ரிலிக்கில்தான் வேய்ந்தார்கள்.

எனக்குப் பயம் உங்கள் திருகு மேல்தான். பெயர்ப்பலகை வேலையில் என்னிடம் விரிசலோடு வருபவை அநேகமாக ஓட்டையில்தான் பிளந்திருக்கும். சூடு ஏறினால் அக்ரிலிக் கண்ணாடியைவிட ஏழெட்டு மடங்கு விரியும். 30 டிகிரி கூடினால் உங்கள் ஷீட் சுமார் 2 மி.மீ. நீளும். நாலு பக்கமும் இறுக்கிவிட்டால் அது எங்கே போகும்? ஓட்டையைத் திருகைவிட 2, 3 மி.மீ. பெரிதாகப் போட்டு, ரப்பர் வாஷர் வைத்து, ஷீட் லேசாக நகரும்படி விடுங்கள். என்னைக் கேட்டால், ஓட்டையே வேண்டாம். சட்டத்தில் காடி (நீளப் பள்ளம்) எடுத்து, கொஞ்சம் இடம்விட்டுச் செருகிவிடுங்கள்.

மீன்தொட்டி:
துடைப்பதைப் பற்றிச் சொல்லவில்லையே! ஸ்பிரிட், தின்னர், அமோனியா கலந்த கண்ணாடி ஸ்பிரே எதுவும் ஆகாது. விளிம்பிலிருந்து மயிரிழை விரிசல் ஓடும். சோப்புத் தண்ணீரும் மெத்தென்ற துணியும் போதும். காய்ந்த துணியால் தேய்க்காதீர்கள். கீறல் விழும், தேய்த்த வேகத்தில் மின்னேற்றம் வந்து இன்னும் தூசியை இழுக்கும்.

மரவேலைப்பிரியன்:
சரி, காடியே எடுத்துவிடுகிறேன். எத்தனை மி.மீ. தடிமன் வாங்க? பிள்ளைகள் கீறிவிட்டால்?

பலகைக்கடை:
4 அல்லது 5. அந்த உயரத்துக்கு 3 என்றால் தொளதொளவென்று வளையும். கடையில் ‘காஸ்ட்’ (அச்சில் வார்த்த) ஷீட் என்று கேட்டு வாங்குங்கள். எக்ஸ்ட்ரூடட் (உருக்கிப் பிதுக்கி எடுத்தது) விலை குறைவுதான், ஆனால் அறுக்கும்போது உருகி பிளேடில் ஒட்டும். பாதுகாப்புத் தாளைக் கடைசிவரை உரிக்க வேண்டாம்.

கீறலுக்கு 800, 1200, 2000 நம்பர் என்று வரிசையாக வாட்டர் பேப்பரைத் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) தண்ணீர் தொட்டுத் தேய்த்து, அப்புறம் பாலிஷ் போட்டால் பளிச்சென்று ஆகிவிடும். அலமாரிக்குள் விளக்கு வைப்பதானால் சூடாகாத எல்இடி வையுங்கள். 100 டிகிரியை நெருங்கினால் அக்ரிலிக் இளகும், நெருப்புப் பட்டால் எரியவும் செய்யும்.